உயிரோடிருந்த மாமாவுக்குக் கேதம் சொன்னது

எங்கள் பக்கத்துக் காட்டில் ஒரு மனிதன் தனியாக இருப்பது நடக்காத காரியம். அருப்புக்கோட்டையிலிருந்து கிளம்பித் திருச்சுழியைத் தாண்டிவிட்டால் சீமைக்கருவேலத்தைத் தவிர கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சரி, ஆளில்லை என்று வண்டியை நிறுத்தி ஓரமாக ஒதுங்கினால், முள்ளுக்குள்ளிருந்து ஒரு தலை எழும்பி, எந்த ஊரு, யாரு மகன் என்று கேட்கும். (ஒதுங்கிய நிலையிலேயே தாத்தா பேர் வரைக்கும் சொல்லியிருக்கிறேன்.) இது தெரிந்தும் அந்தக் காட்டில் தனிமை தேடிப் போனேன். அதற்கான தண்டனையை இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது சென்னையில் வேலை. பெரிய பைக் ஒன்று வாங்கியிருந்தேன். இமயமலைக்குத் தன்னந்தனியாக வண்டி ஓட்டிப் போகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, எனக்குள்ளும் ஒரு துறவி இருப்பதாக முடிவுகட்டிவிட்டேன். இமயமலைக்கு லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த இடத்தில், கைக்கு எட்டிய வனாந்தரம் திருச்சுழிக் காடுதான். ஒரு நாள் முழுக்க அதில் சுற்றுவது என்று கிளம்பினேன். ஆனி மாத வெயிலில் தடித்த கறுப்புக் கோட்டு, முழங்கால் கவசம், கணுக்காலுக்கு மேலே ஏறும் பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எங்கே கிணறு தூர்வாரப் போகிறாய் என்று கேட்டாள்.

கொள்கைகள் வேறு வைத்திருந்தேன். வழியில் யார் வீட்டுக்குள்ளும் போகக் கூடாது. யார் கையிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. போனை அணைத்துவிட வேண்டும். துறவி என்றால் சும்மாவா?

வீரசோழன் போகிற ரோட்டை விட்டு ஒரு கண்மாய்க்குள் வண்டியை இறக்கினேன். தண்ணீர் கிடையாது, முள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே முள், அதே புழுதி. மதியம்வரை சுற்றி, ஒருவழியாகக் கரையேறிப் பார்த்தால் என் அத்தையின் ஊர். அப்பாவுக்கு நேர் மூத்த அக்கா அவர். தெருவின் முதல் வீடே அவருடையது. வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். பார்க்காத மாதிரிப் போகவும் முடியாது.

எனக்கு அன்று தெரியாத ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவுக்கு ஒரு மாதமாகவே நெஞ்சில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அத்தை மன்றாடியிருக்கிறார். அவர் அதெல்லாம் வாயு என்று சொல்லிவிட்டார். ஆத்திரத்தில் அத்தை, “இப்படியே கெடந்து செத்தாலும் நான் வந்து பாக்க மாட்டேன்” என்று ஒரு வார்த்தையை விட்டுவிட்டார். முந்தின நாள் சாயங்காலம் வலி முற்றி, மகன் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனபோது, சொன்ன சொல்லுக்காக அத்தை கார்ப் பக்கமே போகவில்லை. மாமாவும் வருகிறாயா என்று கேட்கவில்லை. ரெண்டும் ஒரே மரத்துக் கட்டை. நான் கிளம்பிய பிறகுதான் வீட்டுக்குச் சேதி வந்திருக்கிறது; அம்மா இதைச் சொல்லத்தான் காலையிலிருந்து எனக்குப் போன் அடித்திருக்கிறாள். அது அணைந்து கிடந்தது.

எங்கள் பக்கம் சாவுச் செய்தி சொல்வதைக் கேதம் சொல்வது என்பார்கள். என்னதான் போன் வந்தாலும், பொம்பளை தனியாக இருந்தால் போனில் சொல்லமாட்டார்கள், ஆள் அனுப்புவார்கள். வந்த ஆள் வாசப்படி ஏறமாட்டான். உட்காரமாட்டான். தண்ணீர் கொடுத்தால் வாங்கமாட்டான். முதலில் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடச் சொல்வான்.

நான் வண்டியை நிறுத்தி வாசலில் நின்றேன். புழுதியில் கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. தொண்டை அடைத்திருந்தது. உள்ளே வாய்யா என்றார் அத்தை. பூட்ஸைக் கழற்ற அரை நாள் ஆகும் என்பதால், இல்லை அத்தை, இங்கேயே நிற்கிறேன் என்றேன். உட்காரச் சொன்னார். முழங்கால் கவசம் மடங்காது, வேண்டாம் என்று தலையாட்டினேன். அத்தை முகம் ஒரு மாதிரி ஆனது. எழுந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். கொள்கை இருக்கிறதே, வேண்டாம் என்றேன்.

அதோடு விட்டேனா? அந்தத் தெருவில் நான் வண்டி ஓட்டிவருவதை யாராவது போனில் படமெடுத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்ற, “அத்தை, பக்கத்து வீட்டுல யாரையாச்சும் கூப்பிடுங்களேன்” என்றேன்.

சொம்பு கீழே விழுந்தது. அத்தை அப்படியே தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டார். “பாக்க வரமாட்டேன்னு சொன்ன இந்த வாயி புழுத்துப்போக... நெசமாவே விட்டுட்டுப் போயிட்டீகளே” என்று ஓங்கிக் குரலெடுத்து அழுதார். தெருவே ஓடிவந்தது. பெண்கள் அத்தையைக் கட்டிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் பந்தல்காரருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். என் தோளைப் பிடித்த ஒரு பெரியவரிடம் என்னய்யா ஆச்சு என்று கேட்டேன். ஒம் மாமன் தவறிட்டாருல்ல என்றார்.

நானும் அழுதேன். சத்தியமாக அழுதேன். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக் காடெல்லாம் சுற்றிய மாமா அவர். (நான் கொண்டுவந்த செய்தியை ஊரிலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான்.) அந்தப் பெரியவர் சற்றுப் பொறுத்து, உசிரு எப்ப போச்சு என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்? நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்” என்றேன்.

அழுகை நின்றது. அப்படி ஒரு அமைதியை நான் தேடிப்போன காட்டில்கூடப் பார்க்கவில்லை. அந்த அமைதிக்குள் என் போனை உயிர்ப்பித்து, ஆஸ்பத்திரியில் இருந்த அத்தை மகனைக் கூப்பிட்டேன். அப்பா இட்லி வேகவில்லை என்று நர்ஸிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார், ஏன் கேட்கிறாய் என்றான். கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஒரு அம்மாள் விளக்குமாற்றைத் தேடினார், பெருக்குவதற்கு இல்லை.

அத்தை மட்டும் திட்டவில்லை. மூஞ்சியைக் கழுவி, வேறு சேலை கட்டி வந்து, “வண்டிய எடு” என்றார். பஸ்ஸுக்கு நேரம் கிடந்தது. பின் சீட்டில் ஜம்பத்துக்குக் கட்டி வந்திருந்த கூடாரத்தையும் மூட்டையையும் அவிழ்த்து வாசல் திண்ணையில் போட்டுவிட்டு அத்தையைப் பின்னால் ஏற்றினேன். ஹெல்மெட் அவர் தலைக்குப் போனது. என் தனிப்பயணம் அதோடு முடிந்தது.

காரியாபட்டி வரும்வரை என் கோட்டை இறுக்கிப் பிடித்திருந்தார், விசும்பல் மட்டும் கேட்டது. சீக்கிரம் போய்ச் சேரவேண்டுமே என்று முறுக்கியபோது முதுகில் தட்டினார். “மெதுவாப் போய்யா. நானும் போய்ச் சேந்துட்டா அவுகளுக்குக் கஞ்சி ஊத்த ஆளில்ல.”

வார்டில் மாமா அத்தையைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். செத்தாலும் வரமாட்டேன் என்றவள் எதற்கு வந்தாளாம் என்று சுவரைக் கேட்டார்.

“செத்தா வரமாட்டேன்னுதான சொன்னேன். உசிரோடதான இருக்கீக” என்று சொல்லி அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டார். மாமா காலை இழுத்துக்கொள்ளவில்லை. நான் வெளியே போய், வராந்தாவில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றினேன்.

மாமா பிழைத்து வந்துவிட்டார். நடந்ததெல்லாம் காதுக்கு எட்டியபின், எதைச் சொன்னாலும் அது நான் செத்த வருசம், இது நான் செத்ததுக்கு மறு வருசம் என்றுதான் கணக்குச் சொல்கிறார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், “எனக்குக் கேதம் சொன்ன மருமகன் இவருதான்” என்று அறிமுகம் செய்தார். சொந்தத்தில் எந்த வீட்டு வாசலில் நான் நின்றாலும், முதலில் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்க வைத்துவிட்டுத்தான் பேசவே விடுகிறார்கள். என் பிள்ளைகளும் இப்போது இந்தக் கதையை நடித்துக் காட்டுகின்றன.

போன மாதம் பாளையம்பட்டியில் ஒரு கல்யாணம். பந்தியில் அத்தை யாரிடமோ இதே கதையைச் சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, ஒரு காரியம் செய்யணும் மருமகனே என்றார். மெய்யாகவே தான் போகிற அன்றைக்கும் நானே போய் அத்தையிடம் சொல்லவேண்டுமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன பேச்சு மாமா இது, ஏன் நான் என்று கேட்டேன்.

“நீ சொன்னா அவ நம்பமாட்டாய்யா. செத்த நேரமாச்சும் சிரிச்சுக்கிட்டு இருப்பா.”