சுடலைமணி சாற்றுத் துண்டை வென்ற பரணி

வாழ்க சுடலைமணி! மட்டாஞ்சேரிப் பஜார் ரோட்டின் பாண்டிகசாலைக் கிடங்குகளிலே மிளகு மூட்டையைப் பூமாலையெனப் பிடரியில் சூடும் மலைத்தோளன். சுக்குத் தூசியில் ஒரு தும்மல் போட்டால் லாரி ஓட்டுநர்களைத் திடுக்கிட்டு விழிக்கச் செய்யும் இடிமுழக்கன். திருநெல்வேலிச் சீமையில் பிறந்து, கொச்சி உப்புக்காற்றில் வைரம் பாய்ந்து, காலையில் புட்டோடு கறி, மதியம் சோற்றோடு கறி, இரவில் கறியோடு கறி என உண்டு வளர்ந்த வயிற்றுக்கோமான், வாழ்க!

இத்தகு வீரனின் குருதியிலே கொழுப்பென்னும் பகைவன் கொடியேற்றிக் குடியிருப்பதை மருத்துவர் கண்டு சொன்ன அன்றே, அவன் மனைவி வசந்தி கரண்டியைச் செங்கோலாகத் தாங்கி அடுக்களை வாசலில் நின்று முழங்கினாள்: "இனிமே ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் கறி. நடுவுல தொட்டீங்கன்னா அடுத்த டெஸ்டுல ரத்தமே காட்டிக் குடுத்துரும். மூட்டை தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டா, பொறவு காத்தையா தூக்குவீங்க?"

மூட்டை போனால் சோறு போகும். இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை.

வீரன் சூளுரைத்தான். திங்களை வென்றான்; செவ்வாயைப் பல்லைக் கடித்துக் கடந்தான். புதன் நண்பகலில் வந்தது பெரும்போர். இஸ்மாயில் இக்காவின் ஹோட்டலிலிருந்து தேங்காய்க்கொத்து தூசிப்படையாகவும், கறிவேப்பிலை கொடிப்படையாகவும், மிளகும் பட்டையும் மதயானைகளாகவும் முன்செல்ல, பீஃப் ரோஸ்ட் நடுவே தேரேறி வர, மணமென்னும் அப்பெருஞ்சேனை பஜார் ரோட்டை வளைத்து, டிபன் பாக்ஸைத் திறக்கப்போன வீரனின் மூக்கைச் சிறைப்பிடித்து, மற்ற உடம்பையும் கூடவே இழுத்துச் சென்று ஹோட்டல் பெஞ்சில் அமர்த்தியது.

பொரோட்டா வாங்கியவனுக்குச் சாறு சும்மா ஊற்றுவது அந்நாட்டு அறம். சாறு கறியல்ல, கறி குளித்த தண்ணீர் என்று தனக்குத்தானே தீர்ப்பு வழங்கிக்கொண்ட சுடலைமணி கர்ஜித்தான்: "இக்கா, ரெண்டு பொரோட்டா! சாறு மட்டும்! துண்டு வேண்டாம்!"

ஹோட்டலே திரும்பிப் பார்த்தது. வெறும் சாறு கேட்பவன் கை வறண்டவன் என்பது அங்கே ஊரறிந்த கணக்கு. இஸ்மாயிலின் நெஞ்சு உருகியது. கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தவர், காதருகே குனிந்தார்: "மணிச் சேட்டா, கையில இல்லாத நாளு எல்லார்க்கும் வரும். அடியில ஒண்ணு வெச்சிருக்கேன். மிண்டாம, சத்தம் காட்டாம தின்னுட்டுப் போங்க."

ஐயகோ! பொரோட்டாவால் சாற்றைக் கிழித்தான் வீரன். அடியிலே, மிளகுக் கவசம் பூண்டு, கொழுப்பு மகுடம் பளபளக்க, பாசறையில் பள்ளிகொண்ட பகையரசனைப்போல் கிடந்தது ஒரு துண்டு! தின்றால் சூளுரை முறியும், திருப்பிக் கொடுத்தால் இக்காவின் மனம் முறியும் என்று அவன் நெஞ்சம் தராசுபோல் ஆடிக்கொண்டிருக்கையில், விரல்களோ, தலைவன் ஆணைக்குக் காத்திராத கூலிப்படைபோல், துண்டைத் தூக்கிப் பாதி வழி வந்துவிட்டன.

எதிரே சாயா குடித்துக்கொண்டிருந்தான் அவனோடு சுமை தூக்கும் அருண்பாண்டி. "என்ன மணியண்ணே, துண்டக் காட்டி யாருக்குப் படையல் போடுதீங்க? வெரசா தின்னுங்க, லாரி வந்துட்டு."

லாரி! அச்சொல் வேலெனப் பாய்ந்தது. போன வாரம் பாண்டிகசாலைப் படியில், பாதி ஏறிய மூட்டையோடு மூச்சு முட்டி நின்றதும், பின்னால் வந்தவன் "என்னண்ணே?" என்று கேட்டதும், "செருப்பு வழுக்குது" என்று பொய் சொன்னதும் வீரன் நினைவில் எழுந்தன. வாயருகே வந்த துண்டு அந்தரத்தில் நின்றது; திரும்பியது; அருண்பாண்டியின் சாயாத் தட்டில் விழுந்தது.

"தின்னுல! என் கண்ணு முன்னால இல்லாம வெரசாத் தின்னு!"

பிறகு எழுந்து நின்று, பெஞ்சும் அடுப்பும் அதிர அறைகூவினான்: "இக்கா! காசு இருக்கு! ரத்தத்துலதான் கொழுப்பு!"

"அத ஆதியமே, வந்ததுமே சொல்ல வேண்டாமா சேட்டா!" என்று இஸ்மாயில் தலையில் அடித்துக்கொள்ள, துண்டின் சுவடே தெரியாமல் அருண்பாண்டி மீசையைத் துடைத்துக்கொள்ள, சாற்றுக் கிண்ணத்தையும் பொரோட்டாவையும் தோற்ற நாட்டின் எல்லைக்கப்பால் என ஒதுக்கித் தள்ளி, பகைமுடித்த பெருமிதத்தோடு, கோட்டைக் கதவைத் திறக்கும் வேந்தனென, தன் டிபன் பாக்ஸைத் திறந்து, பச்சைப்பயற்றை அள்ளி வாயிலிட்டான் வெற்றிவேந்தன் சுடலைமணி.

வசந்தி உப்புப் போட மறந்திருந்தாள்.