துடைத்து வைத்த வெள்ளம்

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளம் புகுந்த வீட்டில் வெள்ளம் புகுந்ததற்கு என்ன அடையாளம் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வது? கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள் நான். ஆதாரம் இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லியே எனக்குத் தலை நரைத்தது. நேற்று இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் அதையே என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நீயும் அத்தானும் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நான் இருக்கும் சௌக்கியத்துக்கு நீதான் காரணம் என்பதால் அதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

கால்வாய் உடைந்து கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். கம்பெனிக்குப் போன் செய்தபோது அந்தப் பெண், "எதையும் தொடாதீங்க மேடம், சர்வேயர் வந்து பாக்கட்டும்" என்றாள். நான் தொடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் சோஃபாவில் சேறு, குப்புற விழுந்த ஃப்ரிட்ஜ், சுவரைச் சுற்றிப் பழுப்புக் கோடு, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு மாடியில் ஒற்றை அறையில் அடுப்பையும் கட்டிலையும் அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டு கிடந்தோம். மாமனாருக்குப் படி ஏற முடியாது. கொழுந்தனார் வீட்டில் இருக்கிறார். கீழே ஒயரிங் முழுக்க மாற்றினால்தான் அவர் திரும்பி வர முடியும். இன்சூரன்ஸ் கிடைத்தால்தான் ஒயரிங். தினமும் போன் செய்து, "கரண்ட் வந்துடுச்சாம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அங்கே எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு இடமே கொடுப்பதில்லை.

இந்த நிலையில்தான் அத்தானையும் கூட்டிக்கொண்டு உதவிக்கென்று நீ வந்தாய். நான் கல்லூரிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று தெளிவாகச் சொன்னேன்: "எதையும் தொடாதே, நாளைக்கு ஆள் வருது." முதல் பாதியை நீ மதிக்கவே இல்லை. ஆள் வருகிறது என்பது மட்டும் போதும் உனக்கு. மாலையில் திரும்பினால் தெருமுனையிலேயே பினாயில் வாசனை. தரை பளபளக்கிறது. சோஃபாவும் ஃப்ரிட்ஜும் பழைய சாமான்காரர் வண்டியில் ஏறிப் போய்விட்டன. பழுப்புக் கோடு இருந்த இடத்தில் ஈரம் காயாத வெள்ளை. கையில் பிரஷோடு ஸ்டூலில் நின்றுகொண்டு, "ஏண்டி, வெளியாள் வர்ற வீட்டை இப்படியா போட்டு வெச்சிருப்பே? பாக்கிறவன் என்ன நினைப்பான்?" என்றாய். அவன் எதையாவது நினைக்க வேண்டும் என்பதற்காகத்தானே அக்கா அப்படிப் போட்டு வைத்திருந்தேன்.

சர்வேயர் வந்தார். தரையைப் பார்த்ததும் தயங்கி ஷூவைக் கழற்றினார். "தண்ணி எதுவரைக்கும் மேடம்?" என்றார். சுவரில் கை வைத்துக் காட்டினேன். அவரும் அங்கே தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். சோஃபா எங்கே என்றார், போய்விட்டது என்றேன். ஃப்ரிட்ஜ் என்றார், அதுவும் என்றேன். பொய் சொல்கிறவளைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து நீ டீயோடு வந்து, "எங்க வீட்ல ஒரு பொட்டுத் தூசி இருக்காது சார். எப்பவும் இப்படித்தான்" என்றாய். பிறகு மத்தியான பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போயே போய்விட்டாய்.

பாலிசியை எடுத்து மறுபடியும் படித்தேன். புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, மின்னல் எல்லாம் இருக்கிறது. அக்கா இல்லை. அடுத்த வருடம் சேர்க்க முடியுமா என்று விசாரிக்கப் போகிறேன்.

கெஞ்சிக் கூத்தாடியதில் அவர் நாளை இன்னொரு முறை வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஸ்டோர் ரூம் மட்டும் உன்னிடமிருந்து தப்பியது, சாவி என் கைப்பையில் இருந்ததால். அங்கே கோடும் சேறும் அப்படியே இருக்கின்றன. மாமனார் வீடு திரும்புவது அந்த ஒரு கோட்டை நம்பித்தான் இருக்கிறது. தயவுசெய்து அடுத்த வெள்ளத்துக்கு உதவிக்கு வராதே. அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், முக்கியமாக உன் கையில் துடைப்பம் இருக்கும் நேரங்களில்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை நேற்று தபாலில் சேர்க்க முடியவில்லை. இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் வாசலில் சர்வேயரின் பைக் சத்தம் கேட்டதும் ஸ்டோர் ரூமைத் திறந்தேன். கதவைத் திறந்தவுடன் முகத்தில் அடித்த நாற்றம், ஒட்டடை, அழுகிய அட்டைப்பெட்டி. ஒரு வெளியாள் இதையா பார்க்க வேண்டும் என்று தோன்றியது. கண்ணுக்கு நேரே இருக்கும் இடத்தை மட்டும் ஒரு இழுப்பு இழுக்கலாம் என்று ஈரத்துணியை எடுத்தேன். அவர் ஷூவைக் கழற்றி முடிப்பதற்குள் கோட்டைக் காணோம்.

"இதுவும் உங்க அக்காவா மேடம்?" என்றார். ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் போனை நீட்டினார். பூப்படத்தோடு வரும் காலை வணக்கங்கள் பொறுக்காமல் போன வருடம் நான் விலகிய குடும்பக் குரூப்பில், துடைக்கும் முன் நீ எடுத்துப் போட்ட படங்கள் வரிசையாக இருந்தன. ஏன் காட்டவில்லை என்றேன். "படிச்சா நீ சண்டை போடுவே" என்றார். சர்வேயர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தார். சேற்றுச் சோஃபாவுக்குக் கீழே: "காலேஜ்ல பாடம் நடத்துறவ வீடு." குப்புறக் கிடந்த ஃப்ரிட்ஜுக்குக் கீழே: "நிமித்தி வைக்கக்கூட உடம்பு வணங்கல." பழுப்புக் கோட்டின் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நீயே நிற்கும் படத்துக்குக் கீழே: "இவ்வளவு உசரம் அழுக்கு. நான் இல்லேன்னா இவ கதி?"

"எனக்கு அனுப்பிடுங்க சார்" என்றார் சர்வேயர் இவரிடம். "கீழ எழுதியிருக்கிறதை அழிச்சிடாதீங்க. படம் போட்ட தேதியும் தண்ணி நின்ன உசரமும் அதுலதான் இருக்கு."

இன்சூரன்ஸ் பணம் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார், எலக்ட்ரீஷியன் திங்கட்கிழமை வருகிறார். மாமனாரிடம் சொல்லிவிட்டேன், அங்கே இப்போதே பெட்டி கட்டுகிறாராம். குரூப்பில் என்னை மறுபடியும் சேர்த்துவிடு.