சூட்கேஸ் பட்டையும் ஒரு கூடுதல் வளையமும்

டெக்சாஸ் மாநிலத்திலேயே, துப்பாக்கி வைத்துக்கொண்டு தன் பேண்ட்டை மட்டுமே பயமுறுத்திய ஒரே மனிதர் பெல்ட் அங்கிள்தான்.

பிள்ளைகளே, போன வாரம் கராஜில் பழைய பெட்டியைக் கிளறியபோது அந்தப் பிரவுன் பேண்ட்டைத் தூக்கிப் பிடித்து, "டாட், வொய் இஸ் தேர் அன் எக்ஸ்ட்ரா லூப்?" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். வாயால் சொன்னால் பாதியில் டிவி பக்கம் போய்விடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். அப்பா அதிகம் படித்தவன் இல்லை. பிழை இருந்தால் உங்கள் அம்மா திருத்துவாள்.

எண்பதுகளின் நடுவில் எண்ணெய் விலை விழுந்து, ஹூஸ்டனில் பாதிப் பேருக்கு வேலை போனது. அங்கிளுக்கும் போனது. எண்ணெய் கம்பெனியில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த எஞ்சினியர் அவர். கையில் இருந்ததைப் போட்டு, கேட்டி என்ற ஊருக்குப் போகும் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கையும் அதை ஒட்டிய கடையையும் வாங்கினார். நான் அங்கே கவுண்டரில் நின்றேன். அவர் மனைவி, நம்ம ஆண்ட்டி, கணக்கும் பார்ப்பார், சமோசாவும் போடுவார்.

ஒரு நாள் அடுத்த தெருக் கடையில் யாரோ புகுந்து மிரட்டிப் பணத்தை அள்ளிப் போனான். மறுநாளே அங்கிள் ஒரு துப்பாக்கியும், அதை இடுப்பில் வைக்க ஒரு தோல் உறையும் வாங்கி வந்துவிட்டார். அப்போதைய சட்டப்படி தெருவில் வைத்துக்கொண்டு நடக்க முடியாது, சொந்தக் கடைக்குள் வைத்துக்கொள்ளலாம். எனவே காலையில் கடையைத் திறந்ததும் மாட்டுவார், மேலே சட்டையைத் தொங்கவிட்டு மறைப்பார், பூட்டும் முன் கழற்றிவிடுவார். அதற்கு 'செக்யூரிட்டி' என்று பெயரும் வைத்தார்.

சிக்கல் என்னவென்றால், அங்கிளுக்கு இடுப்பே கிடையாது. தோளிலிருந்து கால் வரை கொடிக்கம்பம் மாதிரி ஒரே நேராக இறங்குவார். கட்டியிருந்ததோ கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் கொடுத்த ஒல்லி பெல்ட். அந்த உறையின் துளைகள் பட்டையான பெல்ட்டுக்காக வெட்டியவை. துளைக்குள் இவர் பெல்ட் நீச்சல் அடித்தது.

"அங்கிள், புதுசா ஒரு நல்ல பெல்ட் வாங்கிடுங்களேன்."

"இது ஆண்ட்டி அப்பா கொடுத்தது, தம்பி. இதை மாத்தினா அந்த சப்ஜெக்ட் ஆறு மாசம் ஓடும்."

முதல் நாள் பால் அடுக்கக் குனிந்தார். வலப்பக்கம் இருந்த செக்யூரிட்டி மெதுவாக நகர்ந்து நடு முதுகுக்குப் போய்விட்டது. சட்டை மேலே ஏறியிருந்தது. புகையிலை வாங்க வரும் தொப்பிக்காரக் கிழவர் ஒருவர் உண்டு, ஊர்ப் பண்ணைக்காரர். அவர் தொண்டையைச் செருமி ஆங்கிலத்தில் சொன்னார்: "நண்பரே, உங்க துப்பாக்கி உங்களுக்குப் பின்னாடி வரிசையில நிக்குது."

ஆண்ட்டி திரும்பியே பார்க்கவில்லை. "செக்யூரிட்டி டியூட்டில இல்லப்பா, ரெஸ்ட் எடுக்குது" என்றார்.

அங்கிள் எஞ்சினியர் ஆயிற்றே, விடுவாரா? பில் போடும் காகிதச் சுருளின் பின்பக்கம் படம் போட்டார். அம்புக்குறி போட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து, தன் அரைஞாண் கயிற்றோடு உறையைச் சேர்த்துக் கட்டிவிட்டார்.

"பரம்பரைத் தீர்வு தம்பி. எத்தனை ஜெனரேஷனா நிக்கிற கயிறு!"

கோவணத்தைத் தாங்கிய கயிறு இரும்பைத் தாங்குமா? டல்லாஸிலிருந்து ஆண்ட்டியின் நாத்தனார் குடும்பத்தோடு கடையைப் பார்க்க வந்திருந்தார். அங்கிள் பெருமையாகக் கடையைச் சுற்றிக் காட்டினார். சிப்ஸ் வரிசையில் 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அங்கிள் சிலை ஆனார். அவருடையது ஊரிலிருந்து வந்த பெல்பாட்டம். உள்ளே ஏதோ இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. தொடை, முழங்கால், கணுக்கால். கடைசியில் உறையோடு அவருடைய ஷூ மேல் வந்து உட்கார்ந்தது. உறையின் பட்டன் போட்டிருந்ததால் ஆபத்து ஒன்றும் இல்லை. நாத்தனாரின் சின்னப் பையன் கை தட்டினான்.

அவர்கள் கார் கிளம்பும் வரை ஆண்ட்டி சிரித்த முகமாகக் கை அசைத்தார். பிறகு திரும்பினார்.

"இன்னொரு தடவை அது கீழ விழட்டும். பசங்களைக் கூட்டிட்டு நியூ ஜெர்சில அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆண்ட்டியின் குரல் நடுங்கியதை அன்றுதான் கேட்டேன். அங்கிளும் அன்று ராத்திரி சாப்பிடவில்லை என்று பிற்பாடு சொன்னார். துப்பாக்கியைக் கைவிடவும் பயம், குடும்பத்தை இழக்கவும் பயம்.

யோசித்து யோசித்து, கண்டுபிடித்துவிட்டார். ஊரில் வேட்டிக்கு மேல் கட்டுவார்களே, பை வைத்த அகலமான பச்சை பெல்ட், அதைப் பெட்டியிலிருந்து எடுத்தார். ஒல்லி பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு இதைப் பேண்ட்டுக்கு மேல் கட்டினார். உறை கச்சிதமாக உட்கார்ந்தது. குதித்தார், அசையவில்லை. ஆடினார், அசையவில்லை.

ஆனால் வேட்டி பெல்ட் பேண்ட்டின் வளையங்களுக்குள் நுழையாது. அதை அவருடைய படம் கவனிக்கவில்லை. மத்தியானம் கூட்ட நேரத்தில், மேல் தட்டிலிருந்து காபி டப்பா எடுக்க இரண்டு கையையும் தூக்கினார். துப்பாக்கி நின்றது. பெல்ட் நின்றது. பேண்ட் நிற்கவில்லை.

தொப்பிக்காரர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அது விழலை! நல்லாப் பாரு, அது விழவே இல்லை!" என்று கத்தினார் அங்கிள். "கண்டிஷன்ல பேண்ட் கிடையாது!"

அன்று ஆண்ட்டி நியூ ஜெர்சிக்குப் போன் போடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் பின்னறைக்குப் போய், தையல் மெஷின் மேல் போட்டிருந்த துணியை எடுத்தார்.

"கழட்டுங்க அந்தப் பேண்ட்டை."

"எதுக்கு?"

"சொன்னா நீங்க கேக்க மாட்டீங்க. கேக்காத மனுஷனுக்கு ஒழுங்காத் தைச்சாவது கொடுக்கணும்."

அமெரிக்கா வரும்போது சூட்கேஸ் வாய் திறக்காமல் கட்டி வந்த பட்டை ஒன்று இருந்தது. கெட்டியான நாடா, உறையின் துளைக்குச் சரியான அகலம். அதை அளவுக்கு வெட்டிக் கொக்கி வைத்தார். பிறகு அங்கிளின் வலது இடுப்பில் சாக்பீஸால் கோடு போட்டு, பேண்ட்டில் கூடுதலாக ஒரு வளையம் தைத்தார். பட்டை உறையின் ஒரு துளைக்குள் போகும், அப்புறம் அந்த வளையத்துக்குள், அப்புறம் உறையின் இன்னொரு துளைக்குள். நடுவில் வளையம் பிடித்துக்கொண்டதும் உறை முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது. கல்யாண பெல்ட் பத்திரமாகப் பெட்டிக்குள் போனது. ஆண்ட்டியே மாற்றியதால் அந்த சப்ஜெக்ட்டும் ஓடவில்லை.

கல்லாவுக்கு மேலிருந்த பிள்ளையார் படத்தின் முன் அங்கிள் தோப்புக்கரணம் போட்டுச் சோதித்தார். இம்மி அசையவில்லை. எழுந்து ஆண்ட்டியைப் பார்த்தார். "எஞ்சினியரிங் நீ படிச்சிருக்கணும்."

"நான் படிச்சிருந்தா கடை வாங்கியிருக்க மாட்டேன்."

சில வாரம் நிம்மதியாகப் போனது. ஒரு மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரம், முகத்தில் கைக்குட்டை கட்டிய ஒருவன் உள்ளே வந்தான். ஜாக்கெட்டுக்குள் கை. கல்லாவில் ஆண்ட்டி. அங்கிள் பால் பக்கம். நான் ஏணி மேல் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

அங்கிளின் கை இடுப்புக்குப் போனது. அது இருக்க வேண்டிய இடத்தில், தேவைப்பட்ட நேரத்தில், அப்படியே இருந்தது. எடுப்பதற்கு ஒரு நொடி போதும். ஆனால் அவனுக்கும் அங்கிளுக்கும் நடுவில் ஆண்ட்டி நின்றார்.

ஆண்ட்டி திரும்பாமலே தமிழில் சொன்னார்: "என்னங்க, கையைத் தூக்குங்க."

அங்கிள் இரண்டு கையையும் தூக்கினார்.

ஆண்ட்டி கல்லாவைத் திறந்து, வாடிக்கைக்காரருக்குக் கொடுப்பது போலக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார். அவன் ஓடிவிட்டான். அங்கிள் தூக்கிய கையோடு நின்றுகொண்டே இருந்தார்.

ஆண்ட்டி அவரை மேலும் கீழும் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் சொன்னார்: "ரெண்டு கையும் தூக்கினீங்க. பேண்ட் நின்னுச்சா இல்லையா?"

அங்கிள் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தார். மறுநாளே துப்பாக்கியையும் உறையையும் வாங்கின கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "ஏன் அங்கிள், இப்பதானே கரெக்ட்டா நிக்குது?" என்று கேட்டேன்.

"நிக்குது தம்பி. அவ நின்னதைப் பார்த்தப்புறம் எனக்கு அது வேணாம்."

ஆனால் சூட்கேஸ் பட்டையை அவர் விடவில்லை. புதிதாக எந்தப் பேண்ட் வாங்கினாலும் ஆண்ட்டி அந்த வளையத்தைத் தைத்துக் கொடுப்பார். அதில் எதுவும் மாட்டுவதில்லை. கேட்டால், "பழகிடுச்சு" என்பார் அங்கிள்.

எனக்கு முதன்முதலாக ஒரு வொர்க்ஷாப்பில் இன்டர்வியூ வந்தபோது நல்ல பேண்ட் இல்லை. அங்கிள் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அந்த வேலை கிடைத்த பிறகுதான் உங்கள் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டேன், நீங்கள் பிறந்தீர்கள்.

அம்மா அந்தப் பெட்டியைத் தானத்துக்குப் போடும் பையில் கொட்டப் போவதாகச் சொன்னாள். பிரவுன் பேண்ட்டை மட்டும் வெளியே எடுத்து வையுங்கள். இப்போது எனக்கு இடுப்பில் ஏறாதுதான். இருந்தாலும் எடுத்து வையுங்கள்.