நூறு மூட்டையில் மூன்று தப்பு

"நூறு மூட்டையில மூணு தப்பும்மா," என்றார் ராமர், கையில் சல்லடையோடு. "கம்ப்யூட்டர்ப் பெட்டி நடுக்காய்ங்குது. சலிச்சுப் பாத்தா பெருங்காய்."

சந்திரவல்லியின் முகம் விழுந்துபோயிற்று. எண்பத்தொன்பதாம் வருஷம். போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கிட்டங்கியில் கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய முதல் நாள் அது. திரையில் தெரிவதெல்லாம் அவளே எழுதியது. வேலை எளிது. பல வருஷமாய்க் காய் தரம் பிரிக்கும் வேலுத்தாய் மூட்டைக்குள் இடது கையை விட்டு ஒரு பிடி அள்ளுவாள். பெருங்காய் என்றால் வலது கை ஒன்றாம் பட்டனை அமுக்கும், நடுக்காய்க்கு இரண்டு, சிறுகாய்க்கு மூன்று. பிறகு ராமர் சலித்துச் சரிபார்ப்பார்.

முதலாளி மொக்கச்சாமி உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "அடுத்த வெள்ளிக்கிழமை போடிமெட்டுலருந்து எஸ்டேட்காரங்க வர்றாக. அவுக முன்னால ஒரு தப்பு விழுந்தாலும் பெட்டி மதுரைக்கு லாரி ஏறிரும். நீ பழையபடி டைப் அடிக்கலாம்."

டைப்ரைட்டர் பிறர் சொன்னதைத்தான் அடிக்கும். தான் நினைத்தது தன் கண்ணெதிரே பச்சை வெளிச்சமாய் எரிவதைச் சந்திரவல்லி இந்தப் பெட்டியில்தான் பார்த்திருந்தாள். அதை விட முடியாது. குறை வேலுத்தாயிடம் இல்லை, தன் திரையில்தான் என்று பட்டதும், பயத்தைவிடப் பரபரப்பே அவளுக்குள் ஓங்கி நின்றது. குறை தன்னுடையது என்றால் திருத்துவதும் தன் கையில்தானே!

'திரை அமைப்போர் படிக்க வேண்டியவை' என்று கல்லூரிப் பேராசிரியர் எழுதிக் கொடுத்திருந்த சீட்டைத் தேடி எடுத்தாள். மூன்று புத்தகங்கள். சொல்லிவிட்ட மூன்றாம் நாள், மதுரைப் பஸ்சில் டிரைவருக்குப் பக்கத்தில் சொகுசாக உட்கார்ந்து வந்து இறங்கின.

முதல் புத்தகம், 'திரை கண்ணை இழுக்க வேண்டும்' என்றது. கட்டம் போட்டு, எண்களைக் கை அகலத்துக்குப் பெரிதாக்கினாள்.

"ஒம்போது தப்பு," என்றார் ராமர்.

இரண்டாம் புத்தகம், 'அமுக்கியதும் பெட்டி பதில் சொல்ல வேண்டும்' என்றது. அமுக்கினால் எண் மினுக்கியது, பெட்டி 'கீய்' என்றது. காய் பொறுக்கிக்கொண்டிருந்த முத்துப்பேச்சி எழுந்தே வந்துவிட்டாள்.

"என்னக்கா, பெட்டிக்குள்ள கோழிக்குஞ்சு விட்ருக்காகளா?"

"சும்மா கெடடி. நல்லாத்தேன் கத்துது," என்றாள் வேலுத்தாய், பெருமையாக.

இருபது தப்பு.

மூன்றாம் புத்தகத்தைச் சந்திரவல்லி சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே படித்து முடித்தாள். 'எழுத்தைவிடப் படம் மேல்.' அட, இதுதானே! புள்ளி புள்ளியாக வைத்து மூன்று அளவில் ஏலக்காய் வரைந்தாள். அன்றைக்குக் கிட்டங்கியே திரைக்கு முன்னால் கூடிவிட்டது.

"அக்கா, இது பாகக்காயா?"

"இல்லடி, புடலங்கா."

முப்பத்தொரு தப்பு. ராமர் சல்லடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. போடிமெட்டு வளைவுகளில் இறங்கிய தூசியோடு மூன்று ஜீப்புகள் வந்து நின்றன. இறங்கிய எட்டு எஸ்டேட்காரர்களும் நேராகத் திரைக்கு முன்னால் போய் வேலி அடைத்த மாதிரி நின்றுகொண்டார்கள். வேலுத்தாய்க்கு எட்டு முதுகும் ஒரு குடையும்தான் தெரிந்தன. 'விலகுங்கய்யா' என்று சொல்லச் சந்திரவல்லி வாயைத் திறந்தாள். முதலாளி முந்திக்கொண்டார்.

"ஆரம்பிங்கப்பா, வெரசா!" என்றார் முதலாளி.

வேலுத்தாய் மூட்டைக்குள் கையை விட்டாள். முத்துப்பேச்சியிடம் தேவாரம் ஊருக்குள் யானை புகுந்த கதையைப் பேசிக்கொண்டே அள்ளினாள், அமுக்கினாள். பெட்டி 'கீய்' என்றது. சந்திரவல்லி ஒவ்வொரு 'கீய்'க்கும் ஒரு முறை செத்துப் பிழைத்தாள்.

நூறாவது மூட்டையைச் சலித்துவிட்டு ராமர் நிமிர்ந்தார்.

"மொதலாளி... ஒரு தப்பும் இல்ல. நூத்துக்கு நூறு!"

எட்டுப் பேரும் கை தட்டினார்கள். "எனக்கும் ஒரு பெட்டி வேணும்," என்றார் குடைக்காரர். முதலாளி சந்திரவல்லி பக்கம் திரும்பினார்.

"பெட்டி இங்கேயேதேன் இருக்கும், நீயும் இங்கேயேதேன். ஆமா, எந்தப் புத்தகம்மா?"

"மூணாவது, மொதலாளி," என்றாள் அவள், கண்கலங்க. உடனே இன்னும் பத்துப் புத்தகம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவர் விருந்தாளிகளைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்.

கிட்டங்கி அமைதியானது. இத்தனை நாளில் முதல் முறையாகச் சந்திரவல்லி வேலுத்தாய்க்குப் பக்கத்தில் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, அவுக மறைச்சுட்டு நின்னாகளே. திரையே தெரியாம எப்படிக்கா சரியா அமுக்குனீக?"

வேலுத்தாய் கையிலிருந்த காயை உருட்டிக்கொண்டே சிரித்தாள்.

"காய்ச் சோலிக்குக் கண்ணு எதுக்கு தாயி? மொத நா ஆசைக்கு மூணு வாட்டி நிமுந்து அதப் பாத்தேன், மூணு தப்பு. பொறவு நீ தெனமும் புதுசு புதுசா படம் காட்டுனா, பாக்காம எப்படி இருக்குறது?"