வழக்குப் போட எனக்குத் தகுதி இல்லையாம்

போன மாசம் ஒரு வக்கீலைப் பார்க்க கிள்ளான்லேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் போனேன்.

எங்க தாமான் குடியிருப்புல இருக்கிறது ஒரே ஒரு திடல். அதுல கடைவரிசை கட்ட நகராண்மைக் கழகம் அனுமதி குடுத்திருச்சு. குடியிருப்பாளர் கூட்டத்துல நான்தான் அதிகமா சத்தம் போட்டேன். "அப்ப நீங்களே கேஸ் போடுங்க"ன்னு கைதட்டி அனுப்பிட்டாங்க.

வக்கீலம்மா பொறுமையா கேட்டாங்க.

"அரசாங்க முடிவை எதிர்த்து யார் வேணும்னாலும் வழக்குப் போட முடியாது சார். அதனால பாதிக்கப்பட்டவரா இருக்கணும். உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"மனசு ரொம்பப் பாதிச்சிருக்கு மேடம்."

அதை அவங்க எழுதிக்கல.

"வீடு திடல் பக்கத்துலயா?"

"நாலு தெரு தள்ளி. வாடகை வீடு."

"திடலுக்குப் போவீங்களா?"

"தினமும் பார்ப்பேன்."

"எங்கேர்ந்து?"

"கார்லேர்ந்து."

பேனாவை மூடி வச்சாங்க. "உங்க பேர்ல போட்டா முதல் நாளே தள்ளிடுவாங்க சார். திடலை ஒட்டி சொந்த வீடு உள்ளவங்க, அங்க நடக்கிறவங்க, யாராவது இருக்காங்களா?"

இருந்தாங்க. மேரி ஆன்டி. அவங்க வீட்டு வேலியைத் தாண்டினா திடல். காலையும் மாலையும் அங்கதான் நடப்பாங்க, நாயோட. அந்த நாய் குரைக்குதுன்னு நகராண்மைக் கழகத்துல புகார் குடுத்தவன் நான்.

வேற வழியில்ல. சாயங்காலமே போய் கேட் முன்னாடி நின்னேன். நாய் குரைச்சுது. நான் ஒன்னும் சொல்லல.

"என் நாய் மேல புகார் குடுத்த ஆளுதானே நீ?"

"ஆமா ஆன்டி."

"இப்ப அந்த நகராண்மை மேலயே என் பேர்ல கேஸ் போடணும்ங்கிற?"

"ஆமா ஆன்டி."

கேட்டைத் திறந்தாங்க. "சரி, உள்ள வா. ஆனா எனக்குக் கார் ஓட்ட வராது. வக்கீல் ஆபீஸ், கோர்ட்டு, எல்லாத்துக்கும் நீதான் கூட்டிட்டுப் போகணும்."

கூட்டிட்டுப் போனேன். வக்கீல் ஆபீசுக்கு, அப்புறம் ஷா ஆலம் கோர்ட்டுக்கு. நடுவுல மார்க்கெட்டுக்கும் நாய் டாக்டருக்கும்.

நேத்து ஜட்ஜ், வழக்கை விசாரிக்கலாம்னு அனுமதி குடுத்துட்டாரு. அது முடியுற வரைக்கும் திடல்ல ஒரு பிடி மண்ணுகூட வெட்டக்கூடாதாம். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தாமான் ஆளுங்க மேரி ஆன்டிக்கு மாலை போட்டாங்க.

படம் எடுக்க வந்த நிருபர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொன்னாரு. அப்புறம் மரியாதைக்காகக் கேட்டாரு, "அண்ணே, நீங்க இந்தக் கேஸ்ல யாரு?"

யோசிச்சுப் பார்த்தேன்.

"டிரைவர்"னேன்.