தாண்டு

மனித குலத்தின் தலையாய கண்டுபிடிப்பு சக்கரம் என்று பள்ளிப் புத்தகங்கள் சொல்கின்றன. புத்தகம் எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். தலையாய கண்டுபிடிப்பு 'தாண்டு' என்னும் பொத்தான். சக்கரம் மனிதனைப் போகவேண்டிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. 'தாண்டு' போகவேண்டிய சிரமத்தையே ஒழித்தது.

மகத்தான எதையும் போல இதுவும் மறதியில் பிறந்தது. மறந்தவர், ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் கலை இயக்குநர். ஆறு வருடங்களாக ஒரே ஓடத்தைச் செய்துகொண்டிருந்ததால் அலுவலகத்தில் அவருக்கு 'ஓடம்' என்றே பெயர். அவர் செய்த விளையாட்டு எளிமையானது. ஆடுபவர் ஓர் ஓடக்காரி. ஏழு பயணிகளை ஒவ்வொருவராக அக்கரை சேர்க்க வேண்டும். சுடுவதில்லை, வெட்டுவதில்லை. துடுப்புப் போட வேண்டும்; பயணி பேசினால் கேட்க வேண்டும். ஏழாவது பயணி பேசமாட்டார். நடு ஆற்றில் பனி இறங்கும். பதினோரு நிமிடம் பனி மட்டுமே. பிறகு கரை.

அந்தப் பதினோரு நிமிடத்துக்காகத்தான் ஓடம் மற்ற எல்லாவற்றையும் செய்தார். பனிக்குள் துடுப்புச் சத்தம் எந்தப் பக்கமிருந்து கேட்க வேண்டும் என்று முடிவு செய்ய நான்கு மாதம் ஆயிற்று. இரண்டு பக்கமிருந்தும் என்று முடிவாயிற்று.

கணினித் தொழிலில் கோளாறுக்குப் 'பூச்சி' என்று பெயர். கோளாறு கண்டுபிடிக்கும் பெண்ணுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அவள் ஒரே ஆற்றை ஒரு நாளைக்கு நாற்பது முறை கடக்க வேண்டியிருந்தது. அவள்மேல் இரக்கப்பட்டு ஓடம் திரையின் மூலையில் ஒரு தற்காலிகப் பொத்தானை வைத்தார். 'தாண்டு.' அழுத்தினால் அக்கரை. வெளியாள் பார்க்க வரும்போது எடுத்துவிடுவது வழக்கம்.

வருவாய்ப் பிரிவின் தலைவி பார்க்க வந்த அன்று எடுக்க மறந்துவிட்டார்.

தலைவி நேராக ஏழாவது பயணியிடம் போனார். நான்காம் நிமிடத்தில் கொட்டாவி விட்டார். ஐந்தாம் நிமிடத்தில் மூலையைப் பார்த்தார். அழுத்தினார். கரை வந்தது. அறையில் வரலாறு மூச்சு விட்டது.

"ஆத்தத் தாண்டுற விளையாட்டுல 'தாண்டு'ன்னே ஒரு பொத்தான். எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"மேடம், அது பூச்சிக்காக வச்சது."

"பூச்சியெல்லாம் கூட விளையாடுதா?"

"இவங்கதான் மேடம் பூச்சி."

தலைவி அவளை அன்போடு பார்த்தார். "இத அழுத்துறப்ப எப்படிம்மா இருக்கும்?"

பூச்சிக்குப் பொய் சொல்ல வராது. அதற்குத்தான் சம்பளம். "அப்பாடான்னு இருக்கும் மேடம்."

"குறிச்சுக்குங்க," என்றார் தலைவி. "நாம விக்கப்போறது விளையாட்டு இல்ல. 'அப்பாடா'."

விளையாட்டு இலவசம், பொத்தானுக்கு விலை என்று தீர்மானம் நிறைவேறியது.

"பனிய மட்டும் வெட்டிடாதீங்க மேடம்," என்றார் ஓடம். வெட்டினால் வேலையை விட்டுவிடுவது என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

"வெட்டுறதா? பதினோரு நிமிஷத்தத் தாண்ட எவன் காசு குடுப்பான்? ரெண்டு மணி நேரம் ஆக்குங்க. எத்தனை ஆள் வேணும்?"

வேலையை விடப் போனவர், இருபது பேருக்குத் தலைவராக வெளியே வந்தார். கலைக்கு இவ்வளவு மரியாதை செய்த நிறுவனம் வேறில்லை.

'பனி நீட்டிப்புப் பிரிவு' உதயமானது. செவ்வாய்தோறும் 'சலிப்பு ஆய்வுக் கூட்டம்' கூடியது.

"அம்பதாவது நிமிஷத்துல ஒரு பறவை வருதே, எதுக்கு?"

"அழகுக்கு மேடம்."

"சோதனைக்கு ஆடுனவங்கள்ல மூணு பேர் அதப் பாத்துக்கிட்டு பொத்தான அழுத்தாம உக்காந்துட்டாங்க. அழகுக்குன்னு ஒரு அளவு வேணாமா?"

பறவை நீக்கப்பட்டது. அடுத்த வாரம் ஓடம் தாமே ஒரு நிலாவைத் தேடிப்பிடித்து நீக்கினார். யாரும் சொல்லவில்லை. 'சுயமுயற்சி' என்று குறிப்பேட்டில் பாராட்டு ஏறியது.

விளையாட்டு வெளியான மறுநாள் காலை மனைவி காபியை நீட்டினாள்.

"உங்க விளையாட்ட ஆடி முடிச்சிட்டேங்க. ரொம்ப நல்லாருந்துச்சு."

"எது?"

"அந்தக் கரை. ரெண்டு கரையுமே."

"ஆறு?"

"ஆறு எங்க வந்துச்சு?"

அந்த மாதத்தில் ஒன்பது லட்சம் பேர் ஆற்றைத் தாண்டினார்கள். ஆற்றை யாரும் பார்க்கவில்லை. தவறு. ஒருவர் பார்த்துவிட்டார். அவரிடமிருந்து ஒரு புகார் வந்தது. பூச்சி அதைக் கூட்டத்தில் வாசித்தாள்.

'பொத்தானுக்குப் பணம் கட்ட முயன்றேன். கார்டு ஒத்துழைக்கவில்லை. எனவே பனி முழுவதையும் பார்க்க நேர்ந்தது. முதல் பதினோரு நிமிடம் யாரோ எனக்காகவே பார்த்துப் பார்த்துச் செய்தது போல் இருந்தது. மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து யாரோ என்னை விரட்டுவதற்காகவே செய்தது போல் இருக்கிறது. இந்த இருவரும் ஒரே ஆபீசிலா வேலை பார்க்கிறார்கள்? இருவருக்கும் பேச்சுவார்த்தை உண்டா?'

ஓடம் தலை குனிந்து மேசையைப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் ரசிகர்.

தலைவி கவலையோடு நிமிர்ந்தார். "முதல் பதினோரு நிமிஷம் ஒருத்தர் அசையாம உக்காந்திருக்காரு. இது எப்படி நம்ம கண்ணுல படாமப் போச்சு? கோளாறுன்னு பதிவு பண்ணும்மா."

"யார் பேர்ல மேடம்?"

"செஞ்சவங்க பேர்ல."

எல்லோரும் ஓடத்தைப் பார்த்தார்கள். கலைஞர் எழுந்தார். எதிர்த்துப் பேசத்தான் எழுந்தார் என்று எழுதவே ஆசை. தம் இருக்கைக்குப் போனார். மதியத்துக்குள் கோளாறு சரிசெய்யப்பட்டது. பனி இப்போது பழைய பன்னிரண்டாம் நிமிடத்திலிருந்து தொடங்குகிறது.

பூச்சி அவர் மேசைக்கு வந்தாள். "அந்த ஆளுக்கு என்ன சார் பதில் போடட்டும்?"

"நானே போடுறேன்மா."

வாடிக்கையாளர் சேவைக்கே இலக்கணமான அந்தப் பதில் இதுதான்:

'ஐயா, தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தாங்கள் குறிப்பிட்ட இருவருக்கும் சில காலம் வரை பேச்சுவார்த்தை இருந்தது. முதலாமவர் தற்போது எங்கள் பணியில் இல்லை. இப்படிக்கு, இரண்டாமவர்.'