தகர வீடும் நானூறு வறட்டியும்

இந்தக் குளிர்காலத்தில் என் தகர வீட்டைக் கதகதப்பாக்கிக் காட்டுவது என்று ஏப்ரலிலேயே முடிவு செய்துவிட்டேன். முப்பத்தாறு தகடு போட்டு நானே கட்டிய வீடு. ஆப்பிரிக்காவின் தெற்கே, ஜூனில் குளிர்காலம் தொடங்கும் மோகோட்லோங் மலையில் எங்கள் சரிவுக்கு அதுதான் முதல் தகரக் கூரை. பக்கத்திலேயே பழைய வட்ட வீடு நிற்கிறது. கல் சுவர், புல் கூரை, நடுவில் அடுப்பு. என் மனைவி மாலினேயோவுக்கு அதுதான் வீடு. "தகரத்துக்குள்ள தூங்குறதும் ஆத்துக்குள்ள தூங்குறதும் ஒண்ணுதான்" என்று போன வருடம் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டாள். நான் அதை மறக்கவில்லை.

காற்று வரும் சந்துகளை எண்ணினேன். ஐம்பத்து மூன்று. அத்தனையையும் சாக்குத் துணியால் அடைத்தேன்.

"எரிக்க என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

மரமில்லாத மலை இது. மாட்டுப்பட்டியில் மிதிபட்டு இறுகிய சாணத்தை மண்வெட்டியால் வெட்டி எடுத்து, காயவைத்துத்தான் எரிக்க வேண்டும். பட்டிக்குள் மனைவிமார் கால் வைக்கும் வழக்கமில்லை. வெட்டுவது ஆண் வேலை. எனக்கோ இரண்டு வருடமாக இடுப்பு வலி. அந்த வேலையைப் பார்த்தால் மட்டும் வரும்.

"நாப்பது வறட்டி வெட்டுறேன்."

"நாப்பதா? தகரத்துக்கு நானூறாவது வேணும். விடுங்க, அதெல்லாம் வயசுப் பசங்க வேலை."

மறுநாள் விடிந்ததும் பட்டிக்குள் இறங்கினேன்.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு ராசெலோ சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, அண்ணி வெட்டச் சொன்னாங்களா?"

"இல்லப்பா. வேணாம்னுதான் சொன்னா."

"ஓ. அப்ப ரொம்பக் கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

பதினோரு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு. காய்ந்ததும், "நனைஞ்சிடப் போகுது. வட்ட வீட்டுல அடுக்குங்க. வேணுங்கிறப்ப எடுத்துக்கலாம்" என்றாள். அடுக்கினேன். அதே வாரம் அவள் வட்ட வீட்டுச் சுவருக்கு மண்ணும் சாணமும் குழைத்துப் புதிதாகப் பூசினாள். எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஜூனில் பனி விழுந்தது. அன்றே அவள் போர்வையைச் சுருட்டினாள்.

"கறுப்பு ஆடு ஈனப் போகுது. நான் வட்ட வீட்டுல அது கூட இருக்கணும். நீங்க உள்ள வராதீங்க, மிரளும். உங்க வீட்டுலயே கதகதன்னு இருங்க."

சாப்பாடு என் வாசலுக்கு வந்தது.

"குளிருதா?"

"சந்தெல்லாம் அடைச்சாச்சே. தீயே வேண்டியதில்ல."

நான்கு நாள் தொப்பி, பூட்ஸ், இரண்டு போர்வை சகிதம் கிடந்தேன். ஐந்தாம் நாள் பிற்பகலில் விரல் மடங்கவில்லை. போய் வறட்டி கேட்டேன். கதவிடுக்கு வழியாகப் பன்னிரண்டு கொடுத்தாள். போதுமா என்றுகூடக் கேட்கவில்லை.

துளை போட்ட டின்னில் தீ மூட்டினேன். வீடு சூடேறியது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் உட்கார்ந்ததில்லை. கால் மணி நேரம் உட்கார்ந்தேன்.

மூக்கில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். நான்கு நாளாக நான் விட்ட மூச்செல்லாம் தகட்டின் அடியில் பனியாக உறைந்திருந்தது. சூடு பட்டதும் இறங்கியது. முப்பத்தாறு தகடும் ஒன்று பாக்கியில்லாமல் பெய்தன. தீ அணைந்தது. வெளியே போய்ப் பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நனைந்த போர்வையோடு வட்ட வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே அடுப்பு சிவந்திருந்தது. மக்காச்சோளக் களி கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க?"

"வறட்டி சரியா இருக்கான்னு எண்ணிப் பாக்கலாம்னு வந்தேன்."

"எண்ணுங்க."

எண்ணினேன். முந்நூற்று எண்பது. அடுப்புக்கு இந்தப் பக்கம் ஓர் ஆட்டுத்தோல் விரிப்பு, அந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கத்து விரிப்பில் காய்ந்த போர்வை ஒன்று மடித்து வைத்திருந்தது.

"ஒரு நாளைக்கு நாலு போகுது. ஆகஸ்ட் முடியறவரைக்கும் ரெண்டு பேருக்குத் தாங்கும்" என்றாள்.

நான் மூலை மூலையாகத் தேடினேன்.

"ஈனப் போற ஆடு எங்க?"

"இப்பத்தான் உள்ள வந்திருக்கு. கதவைச் சாத்துங்க."